தெப்பக்குளத்தில் பதினைந்துக்கு சைபர்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கப்பலூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து போய்வருவது சிரமம், அதனால் திருமங்கலத்தில் நண்பர்களோடு தங்கிக்கொள்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருஷம் இல்லாத சிரமம் இப்போது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜெனி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து கல்யாணத் தேதி பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் நழுவினேன். இந்த மாதம் வேண்டாம், ஊரில் நடவு வேலை, மாமாவைக் கேட்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். கடைசியில் நீ அடுப்படி வாசலில் வந்து நின்று, "அவங்க சர்ச்சுக்குப் போறவங்கங்கிறதுதானம்மா ஒனக்குப் பிரச்சன?" என்று கேட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் தண்ணீரை மாற்றினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அது காரணம் இல்லை. ஜெனி எந்தக் கோயிலுக்குப் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா சொன்ன அறுவைக்கெல்லாம் சிரிக்காமல், "அங்கிள், இது போன தடவையே போன்ல சொன்னீங்க" என்றாள். அன்றைக்கே இவள் இந்த வீட்டில் சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படியிருந்தும் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், உண்மையான காரணத்தைச் சொல்வதைவிட மதம் பார்க்கிறவள் என்று நீ என்னை நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தக் காரணத்தையாவது ஊரில் நாலு பேர் புரிந்துகொள்வார்கள். என் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு ஜெனியின் அம்மா மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது.

நான் மில்லில் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் வேலை பார்த்தவள் என்றுதான் உனக்குத் தெரியும். அந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மில்லுக்கு ஒரு பெண்கள் வாலிபால் அணி இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுகளில் நன்றாக ஆடுகிற பெண்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பார்கள். காலையில் டைம் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் மைதானம். சம்பளம் விளையாட்டுக்குத்தான். பெண்பிள்ளை அரை டிராயர் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவதா என்று அலங்காநல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் பேச்சு எழுந்தது. உன் தாத்தா, என் அப்பா, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் நான் விளையாடி ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் ஜெயித்தோம், திருச்சியில் ஜெயித்தோம். கோப்பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால், கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார்.

எனக்கு உயரம் பத்தாது, ஆகையால் வலைக்கு மேலே குதித்து அடிக்கிற வேலை எனக்கு இல்லை. சர்வீஸ்தான் என் பலம். என் கையிலிருந்து போகிற பந்து சுற்றாது. காற்றில் மிதந்துகொண்டே போகும், கைக்கு வந்துவிட்டது என்று எதிரே நிற்கிறவள் நினைக்கும்போது ஒரு பக்கமாக விலகும், அல்லது பொத்தென்று கீழே இறங்கும். அதைப் பழக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மற்ற பெண்கள் குளிக்கப் போன பிறகும் நான் மட்டும் சுவரில் கரியால் கோடு போட்டு அடித்துக்கொண்டிருப்பேன். தோள் வீங்கி, தலைவாரக் கையைத் தூக்க முடியாமல், கூட இருந்த பெண்தான் எனக்கு ஜடை பின்னிவிடுவாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சுலபமாக ஜெயிக்கிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு எல்லாம் சுலபமாக வந்துவிட்டது என்று நீ நினைக்கிறாய். உன் கம்பெனியில் உனக்கு முன்னால் மேலே போனவனைப் பற்றி நீ அப்படித்தான் பேசினாய். அப்படிப் பேசாதே. அவனிடம் போய், எப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேள்.

அப்போதெல்லாம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் தண்ணீர் இருக்காது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு கோடையில் போட்டி நடத்தியவர்கள் அந்தக் குளத்துக்குள்ளேயே தரையைச் சமன் செய்து வலை கட்டிவிட்டார்கள். சுற்றிலும் உள்ள படிக்கட்டுதான் கேலரி. எங்களுக்கு எதிரே வந்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சேர்ந்து ஆடிய அணி. முந்தைய சுற்றில் அவர்களுக்கு எதிரணி வரவில்லை, அதனால் ஆடாமலே உள்ளே வந்தவர்கள். மாற்று ஆள்கூடக் கிடையாது. சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தார்கள். நாங்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், அவர்கள் பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு வந்தவர்கள். அந்த ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குத்தான் உன் தாத்தா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது தற்செயலாகப் படிக்கட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக, கூட்டத்தில் கொஞ்சம் தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்றைக்கு நம் ஆட்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். காட்டவும் செய்தேன். பழைய முறையில் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி, எதிரணி பந்தை ஜெயித்தால் சர்வீஸ்தான் கை மாறும், புள்ளி கிடையாது. முதல் செட்டில் முக்கால்வாசிப் புள்ளி என் கையிலிருந்தே வந்தது. பதினைந்துக்கு சைபர். இரண்டாவது செட்டும் பதினைந்துக்கு சைபர். அவர்களில் உயரமாக ஒரு டீச்சர் இருந்தாள், அவள் ஒருத்திதான் பந்தை எடுப்பாள் போலிருந்தது. அவளுக்கு சர்வீஸ் போடாதே, மூலையில் நிற்கிற புதுப் பெண்களுக்குப் போடு என்று எங்கள் கோச் சொல்லியிருந்தார். அப்படியே போட்டேன். அவள்தான் ஜெயசீலி டீச்சர். உன் வருங்கால மாமியார்.

இரண்டாவது செட்டில் எங்கள் பெண் ஒருத்தி அடித்த அடி அவள் இடது கையில் பட்டுச் சுண்டுவிரல் மடங்கிவிட்டது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் அவர்களுக்கு ஆள் இல்லை, ஆட்டம் முடிந்துவிடும். கைக்குட்டையை விரலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதிலிருந்து கூட்டம் மாறிவிட்டது. சரளைத் தரையில் அவள் விழுந்து விழுந்து பந்தை எடுத்தாள். முழங்கை இரண்டும் தோலுரிந்து மண் அப்பியிருந்தது. அவள் ஒவ்வொரு பந்தைத் தூக்கும்போதும் படிக்கட்டு முழுவதும் எழுந்து நின்றது. நாங்கள் புள்ளி எடுத்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. மூன்றாவது செட் பதினாலுக்கு சைபர் இருக்கும்போது எங்கள் பெண் அடித்த பந்து அவர்களில் ஒருத்தி கையில் பட்டுக் கோட்டைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போனது. முடிந்தது என்று நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கினோம். அவள் ஓடிப்போய், திரும்பிப் பார்க்காமலே தலைக்கு மேலே குத்தி அனுப்பினாள். பந்து வலையைத் தாண்டி வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் நடுவில் விழுந்தது. அதற்குப் புள்ளிகூட இல்லை, சர்வீஸ் மட்டும்தான் அவர்களுக்குப் போனது. ஆனால் குளமே அதிர்ந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் எழுந்து நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. பந்து எங்களிடம் வந்தது, அடுத்து என் முறை. கோச் மூலையைக் காட்டினார். நான் மூலைக்குப் போடவில்லை. நேராக அவளுக்கே போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே நல்ல சர்வீஸ் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் சரியாகக் கீழே வந்து நின்றாள், கைகளைச் சேர்த்தாள், பந்து கடைசி நொடியில் விலகி அவள் மணிக்கட்டின் ஓரத்தில் பட்டு எங்கோ போனது. பாய்ந்தாள், எட்டவில்லை. ஆட்டம் முடிந்தது. மூன்று செட்டிலும் சைபர். ஜனங்கள் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவளுக்கு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். யாரோ மாலைகூடப் போட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் வலைக்கு இந்தப் பக்கம் பையை எடுத்துக்கொண்டு நின்றோம்.

அன்று சாயங்காலம் அப்பாவோடு ஊருக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நானும் எதையும் கேட்கவில்லை, அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சத்திரப்பட்டி தாண்டியதும் சொன்னார்: "அந்த டீச்சர் புள்ள விடவே இல்லயே, ஆத்தா. திமிலப் பிடிச்சவன் தூக்கியடிச்சாலும் விடாமத் தொங்குவானே, அந்த மாதிரி." அவ்வளவுதான். என் சர்வீஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வாடிவாசலில் மாடு பிடிக்கிறதைப் பார்த்தே வளர்ந்த ஆள், அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகள் ஆடினேன், அவர் இன்னொரு தடவை வரவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோதுகூட, பார்க்க வந்தவர்களிடம் அந்த டீச்சர் பெண்ணின் கதையைச் சொன்னார். எதிரே ஆடியது தன் மகளின் அணி என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல மறந்தார் என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

நான் உனக்கு என் விளையாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாததற்கு இதுதான் காரணம். கல்யாணமாகி அணியை விட்ட பிறகு கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். நீ சின்னவனாக இருக்கும்போது சொல்லலாம் என்று பல தடவை வாயெடுப்பேன். ஆனால் என் கதையில் பெரிய ஆட்டம் அதுதான், அவளைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவளைச் சொன்னால் நீயும் அவள் பக்கம்தான் பார்ப்பாய் என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வேன்.

கடைசியில் அதுதான் நடந்தது. நரிமேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று, ஜெனியின் அம்மா காபி கொண்டுவந்த கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. அன்றைய எலும்புக்கூட்டுக்கும் இன்றைய எனக்கும் என்ன சம்பந்தம்? நீதான் கேட்டாய், "விரலுக்கு என்னாச்சு அத்தை?" என்று. அவ்வளவுதான், அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து நின்று நடித்தே காட்டினார்கள். "ஒரு ஒல்லிப் பொண்ணு சர்வீஸ் போடுவா. பந்து பேய் பிடிச்ச மாதிரி ஆடும். நாங்க பந்த எடுக்கவா, ஜெபம் பண்ணவான்னு நின்னோம்" என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அந்த ஒல்லிப் பொண்ணு உன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி தீர்ந்த பிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. திரும்பும்போது பைக்கில் நீ சொன்னாய்: "அத்தை மாதிரி ஒரு ஆளப் பாத்ததில்லம்மா. ஒரு பாயிண்டுகூட இல்ல, ஆனா விடல பாரு." உன் தாத்தாவின் அதே சொல். நீ முன்னால் பார்த்து வண்டி ஓட்டினாய். நான் பின்னால் அழுதுகொண்டு வந்தேன்.

பொறாமை வரும், தம்பி. உனக்கும் வரும், ஜெனிக்கும் வரும். அவளுக்கு உன்னைவிட நல்ல வேலை கிடைக்கும்போது வரும், குழந்தை உன்னைவிட அவளிடம் ஒட்டிக்கொண்டால் வரும். வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்து வீட்டுக்குள் உலாவ விடாதே. நான் என் பொறாமைக்கு மதம் என்று பெயர் வைத்துக்கொள்ள உன்னை அனுமதித்தேன், அதனால் ஒரு பெண் அழுதிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக நரிமேட்டுக்குப் போனேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. டீச்சர் சர்ச்சிலிருந்து வந்து அப்போதுதான் சேலை மாற்றியிருந்தார்கள். ஜெனியும் அவள் அப்பாவும் வெளியே போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காருங்கள் என்றார்கள். நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அந்த ஒல்லிப் பொண்ணு நான்தான், டீச்சர்" என்றேன்.

முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆச்சரியப்படுவார்கள், சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மேட்ச் பூரா எனக்கு ஒரு சர்வீஸ்கூடப் போடல. கடேசியா மட்டும் ஏன் எனக்கே போட்டீங்க?"

"எங்கப்பா படியில ஒக்காந்து ஒங்களயே பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குத் தாங்கல."

டீச்சர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "மத்த பந்தெல்லாம் எனக்கு அம்புட்டா ஞாபகமில்ல. கதையாச் சொல்லிச் சொல்லிச் சேந்துக்கிட்டது பாதி. ஜனங்க கைதட்டுனது எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு, பாவம் பாத்துத் தட்டுறாங்கன்னு. ஆனா அந்தக் கடேசிப் பந்து கைக்கு வந்த பந்து. அத நான் எடுத்திருக்கணும். இன்னிக்கும் தூக்கத்துல வருது."

இதைக் கேட்டு நான் பெருந்தன்மையாக ஏதாவது உணர்ந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் மறந்துபோன என் சர்வீஸை, அது யாருக்குப் போடப்பட்டதோ அவர்கள் மறக்கவில்லை. அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. தேதியைத் தள்ளிப்போட்டதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "ரெண்டு மாசமா எம்பொண்ணு சரியாச் சாப்பிடல. நம்ம சாமியாலதான் அவங்களுக்குப் பிடிக்கலயான்னு எங்கிட்டக் கேட்டு அழுறா. இதுக்காகவா?" என்று ஆரம்பித்து, வகுப்பில் ஒரு பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான். திட்டி முடித்த பிறகு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் காலண்டர் இருந்தது.

சர்ச்சில் கல்யாணம் வைக்காத லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முன்னால், தை மாதத்திலேயே ஒரு நாளை நாங்கள் இரண்டு பேருமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். காலையில் அவர்கள் சர்ச்சில், சாயங்காலம் நம் பக்கத்து மண்டபத்தில். நீயும் ஜெனியும் சரி என்றால் மற்றவர்களிடம் பேசலாம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கல்யாணத்தன்று அவர்கள் மேடையில் நிற்கும்போது நீ அவர்களைப் பார்த்துச் சிரித்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அது என் பாடு, உங்கள் பாடு இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனியைக் கூட்டிக்கொண்டு வா. முதலில் அவளிடம் நான் பேச வேண்டும், நீ வெளியே இரு. அதற்குப் பிறகு நீ என் பக்கத்தில் வந்து உட்கார். உன் அத்தை சொன்ன கதையை மறுபடி சொல்லாதே. வலைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேள். அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம், தம்பி. நான் நன்றாக ஆடினேன். அதை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அம்மா